ஒன்பது நாள் எண்ணெய்

செப்டம்பர் 4, திங்கள்

முதல் பாட்டில் கிடைத்துவிட்டது.

கல்லூரி உணவகம் மூடும் நேரமாகப் பார்த்து, பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனேன். அக்கா பெரிய சட்டிக்கு முன்னால் நின்று அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். காலையில்தான் புது டின் திறந்திருக்கிறார்கள். எண்ணெய் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, இதுல ஒரு சின்ன பாட்டில் வேணும். தினம் சாயங்காலம் வந்து ஒண்ணு எடுத்துக்கறேன். நிறம் எப்படி மாறுதுன்னு பார்க்கணும். கண்காட்சிக்கு."

"எண்ணெயெல்லாமா கண்காட்சியில வெப்பாங்க? படம் வரையத் தெரியாமப் போச்சா உனக்கு?"

சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தார். நான் இங்கே மாணவியாக இருந்த காலத்திலிருந்து எனக்குச் சாப்பாடு போடுகிறவர். நாலு பேர் இருந்தால் 'டீச்சர்' என்பார். சமையலறைக்குள் எப்போதும் நீ, வா, போதான்.

கண்காட்சி 21ஆம் தேதி. 'எட்டும் தூரம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வளாகத்துக்குள் நல்ல சாப்பாடு யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பது விஷயம். ஒரு மாணவி தரையில் ஒட்டுநாடாவால் காலடிகள் ஒட்டப்போகிறாள்: வகுப்பறையிலிருந்து பொரித்த சாமான் விற்கும் இடத்துக்குத் தொண்ணூறு அடி, அருகிலுள்ள பழக்கடைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். ஆசிரியர் பக்கத்திலிருந்தும் ஒன்று இருக்கட்டும் என்று துறைத்தலைவர் என்னிடம் சொன்னார். "நல்லா வந்துச்சுன்னா, அடுத்த மாச நேர்காணல் உங்களுக்குப் பாதி முடிஞ்ச மாதிரி" என்றும் சொன்னார். ஆறு வருஷமாகப் பகுதிநேர ஓவிய ஆசிரியை. நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டாலே காது நிமிர்ந்துகொள்கிறது.

நிறம் பார்க்கணும் என்று சொன்னது பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.

செப்டம்பர் 6, புதன்

மூன்று பாட்டில். தேன், தேன், கொஞ்சம் கெட்டித் தேன். சன்னலில் வைத்தால் கண்ணை எடுக்க முடியவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

ஐந்தாவது. இன்றைக்கு நிறம் சட்டென்று இறங்கிவிட்டது. வாடையும் வந்துவிட்டது.

அக்கா ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. "அடியில கரியெல்லாம் கிடக்கு. காலேஜுக்குள்ள பெரிய பெரிய ஆளுங்க வந்து பார்ப்பாங்க, தூசியும் தும்புமாவா வெப்பே?" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கரி இருந்தால்தான் எனக்கு நல்லது. ஏனோ சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். நாலாம் நாளே இதைக் கொட்டிவிட வேண்டுமாம். ஆனால் சாவிக்கொத்து அடுத்த டின்னை ஒன்பதாம் வேலைநாள் முடிந்தால்தான் வெளியே எடுப்பாராம். சாவிக்கொத்து என்பது உணவக மேற்பார்வையாளர். பண்டக அறைச் சாவிகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பவர். அவர் வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடும்.

"வாயால சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறார். அதான் எழுதியே குடுத்தேன். ரெண்டு தடவை. எம் பொண்ணுதான் எழுதிக் குடுத்தா. என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். பீன்ஸும் கேரட்டும் இன்னும் கொஞ்சம் வேணும்னும் எழுதியிருந்துச்சு. ஒரு பதிலும் இல்லை."

"எண்ணெய் இவ்வளவு கேவலமா இருக்கே அக்கா."

"எனக்கு மட்டும் இதுல பொரிக்கணும்னு ஆசையா? புள்ளைங்க திங்கறது."

பேசிக்கொண்டே எனக்குத் தனியாக எடுத்துவைத்திருந்த வேகவைத்த பீன்ஸையும் முட்டையையும் தட்டில் வைத்தார். பொரித்ததை எனக்கு அவர் வைப்பதே இல்லை. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

ஒன்பதாவது பாட்டில். கறுப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் ஓரத்தில் ஒரு சிவப்பு.

அக்கா பாட்டிலின் கழுத்தைத் துடைத்துக் கொடுத்தார். "இத்தோட சரி. நாளைக்குப் புது டின்னு. சரி, இதுக்குக் கீழே என்னன்னு எழுதுவே?"

"நிறத்தைப் பத்தித்தான் அக்கா."

"எம் பொண்ணையும் கூட்டிட்டு வரேன். நான் குடுத்தது கண்காட்சியில இருக்குன்னா நம்பவே மாட்டேங்கறா."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம் போதும். சட்டியைத் தேய்க்கத் திரும்பிவிட்டார், நானும் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, திங்கள்

விளக்க அட்டை எழுதினேன். முதலில் இப்படி:

'ஒரு சட்டி. ஒரே எண்ணெய். ஒன்பது நாள். இதைத்தான் நாம் சாப்பிடுகிறோம். எண்ணெயை மாற்ற வேண்டும் என்று சமையலறையிலிருந்து இரண்டு முறை எழுதிக் கேட்டார்கள். டின் வரவில்லை.'

துறைத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். முதல் பாதிக்குத் தலையசைத்தார். கடைசி இரண்டு வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"இது கொஞ்சம் புகார்க் கடிதம் மாதிரி இல்லையா? கலைக்கு அவ்வளவு விளக்கம் தேவையா? தவிர, முதல்வர்தான் திறந்து வைக்கிறார். யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம்கூட இருக்காது. நேர்காணல் குழுவில் அவரும் முதல்வரும் இருக்கிறார்கள் என்பதை யோசிக்க ஒரு நிமிஷம் எதற்கு?

அவர் 'அடி' என்று சொல்லவில்லை. இதை இங்கே எழுதிவைத்துவிட வேண்டும், பின்னால் மாற்றிச் சொல்லிவிடுவேன். யோசிக்கத்தான் சொன்னார். அடித்தது என் பேனா.

அடித்த பிறகு அட்டை இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை.

செப்டம்பர் 21, வியாழன்

தலைகால் புரியவில்லை.

காலை வெயில் நேராகக் கண்காட்சிக் கூடத்துச் சன்னலில் விழுந்தது. ஒன்பது பாட்டிலும் பொன்னிலிருந்து கறுப்பு வரை வரிசையாக எரிந்தன. முதல்வர் அங்கேதான் அதிக நேரம் நின்றார். "பயமுறுத்திட்டீங்களேம்மா" என்றார். பத்திரிகைக்காரர் ஒருவர் ஒன்பதாவது பாட்டிலை மூன்று கோணத்தில் படம் எடுத்தார். ஒட்டுநாடாக் காலடிகள் மேல் நடந்து பார்க்க மாணவர்கள் வரிசை கட்டினார்கள். துறைத்தலைவர் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். 'நம்ம டீச்சர்' என்றார். நம்ம!

மாலையில் வீட்டுக்காரர் வந்தார். மின்தூக்கி பழுது பார்க்கும் வேலையிலிருந்து நேராக, சட்டையில் கிரீஸோடு. பாட்டில்களைப் பார்த்தார், அட்டையைப் படித்தார். "நல்லா இருக்கு. அந்த அக்கா பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 22, வெள்ளி

பார்த்தார்.

மூன்று மணி இருக்கும். இஸ்திரி போட்ட உடை, தலை படிய வாரி, கையில் பை. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள். வாசலில் நின்றபோது எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

"இதோ பாரு, இதெல்லாம் நான் குடுத்தது" என்று மகளிடம் காட்டினார். கண்ணாடி எடுத்து வரவில்லையாம். "கீழே என்ன போட்டிருக்கு, படி."

அந்தப் பெண் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி, உரக்க, நிறுத்தி நிறுத்தி. ஒரு சட்டி. ஒரே எண்ணெய். ஒன்பது நாள். இதைத்தான் நாம் சாப்பிடுகிறோம்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன், தினமும் அவர் கையால் வாங்கிச் சாப்பிடுகிறவன், அவரைப் பார்த்தே சொன்னான்: "பாருங்க ஆன்ட்டி, சமைக்கிறவங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" தொப்பி இல்லாததால் அவனுக்குத் தெரியவில்லை. 

நான் ஐந்து அடி தூரத்தில் நின்றேன்.  அவர் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல வெளிச்சமா வெச்சிருக்கே" என்றார்.

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் வாசலில் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

பத்திரிகையில் வந்துவிட்டது. பாதிப் பக்கத்துக்கு ஒன்பதாவது பாட்டில். 'மாணவர் தட்டில் ஒன்பது நாள் எண்ணெய்'. செய்தியில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இரண்டு முறை படித்தேன், எங்கேயாவது பொய் இருந்தால் அவர்கள் மேல் கோபப்படலாமே என்று.

துறைத்தலைவர் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். நன்றி சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 25, திங்கள்

உணவகக் கதவில் அறிவிப்பு. 'சுகாதாரக் காரணங்களுக்காகச் சமையலறை மறு அறிவிப்பு வரை மூடப்படுகிறது. விசாரணை முடியும்வரை சமையல் பொறுப்பாளர் பணிக்கு வர வேண்டியதில்லை.'

சமையல் பொறுப்பாளர்! இத்தனை வருஷத்தில் அவரை யாராவது இந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்களா? வெளியே தள்ளும்போதுதான் பதவியெல்லாம் வருகிறது.

சாவிக்கொத்து அங்கேதான் நின்றார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல காரியம் பண்ணீங்க டீச்சர். எண்ணெயை மாத்து மாத்துன்னு நானும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்தம்மாகிட்டே. கேட்டாத்தானே?"

நான் தலையாட்டினேன்.

எதுக்கு ஆட்டினேன்? ஏன் ஆட்டினேன்? அந்த ஆள் பச்சையா பொய் சொல்றான், எனக்குத் தெரியும், அவனுக்கும் எனக்குத் தெரியும்னு தெரியுமோ என்னவோ — நின்னு தலையாட்டிட்டு வந்திருக்கேன். பொம்மை மாதிரி.

செப்டம்பர் 27, புதன்

உணவக வாசலில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் வந்து நிற்கின்றன. பொத்தானை அழுத்தினால் பொட்டலம் விழுகிறது. சிப்ஸ், பிஸ்கட், இனிப்புத் தண்ணீர். வேறு எதுவும் கிடையாது.

காலடி ஒட்டிய மாணவி என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், அக்கா இருந்தப்ப ஓரத்துல பீன்ஸும் முட்டையும் இருக்கும். நிறைய இருக்காது, ஆனா முன்னாடியே போய்ச் சொல்லி வெச்சா கிடைக்கும். இப்ப அதுவும் போச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் என் காலடியெல்லாம் பிரிச்சு ஒட்டணும். இப்ப அந்தப் பெட்டிக்கு அறுபதே அடி" என்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நல்ல சாப்பாடு எட்டவில்லை என்று கண்காட்சி வைத்தோம். இருந்த கொஞ்சத்தையும் எட்டாமல் செய்துவிட்டேன். நான் மட்டுமே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். சப்பைக்கட்டு.

செப்டம்பர் 28, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்த வரி, தலையாட்டியது, எல்லாம். தட்டில் கையை வைத்தபடியே கேட்டார்.

"முதல்வர்கிட்ட போய்ச் சொல்லேன்."

"சொன்னா வேலை போயிடும்."

"இல்லாத வேலை எப்படிப் போகும்?"

"வரப்போற வேலை."

"அதான் கேக்கறேன். வந்தா அந்த வேலையை எப்படிப் பார்ப்பே? தினம் அந்தச் சமையலறையைத் தாண்டித்தானே போகணும்?"

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அவர் மேல்தான் காட்டினேன். சட்டையில் கறை என்று கத்தினேன். கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

செப்டம்பர் 30, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, மாடிப்படி விளக்கு எரியவில்லை. கதவைத் திறந்தது மகள்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க." நகரவில்லை. பிறகு, "ஒண்ணு கேக்கவா டீச்சர்? அந்த எண்ணெயை வடிகட்டுன துணி என்னோட பழைய சட்டை. அம்மா அதைக் கிழிச்சு, துவைச்சு, காயவெச்சு எடுத்துட்டுப் போனாங்க. தினம். அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"உள்ள விடு" என்று அக்காவின் குரல் கேட்டது.

சின்ன மேசை. தலைவலிக்குப் போட்ட மாத்திரை அட்டை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். அட்டையில் இன்னும் இரண்டு வாக்கியம் இருந்தது, நான் அடித்துவிட்டேன், வேலைக்காக, மன்னிச்சிடுங்க அக்கா என்று.

"எழுதியிருந்தியா?" என்றார்.

"எழுதியிருந்தேன்."

"எழுதாமலே இருந்திருந்தா தேவலை. உனக்குத் தோணலை போலன்னு விட்டிருப்பேன்."

அதற்கு மேல் மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அவசரப்பட்டேன். அந்தக் கடிதங்களின் நகல் இருக்கிறதா, இருந்தால் கொடுங்கள், நான் கொண்டுபோய்க் காட்டி எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்றேன்.

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை எங்கிட்டேருந்து ஒண்ணை வாங்கிட்டுப் போகணுமா உனக்கு?"

வெங்காயக் காரம் கண்ணில் ஏறியது. நல்ல சாக்கு. துடைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

சரிசெய்கிறேன் என்றேனே. யார் நான்? அவங்க கடிதத்தை வெச்சு நான் நல்லவளாகணும். அதுக்குத்தான் போயிருக்கேன்.

என்னிடம் என்ன இருக்கிறது? நான் கேட்டது, நான் எழுதியது, நான் அடித்தது. அதைச் சொல்ல யாருடைய நகலும் வேண்டாம்.

அக்டோபர் 3, செவ்வாய்

காலையில் முதல்வர் அலுவலகத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறகு கூடத்துக்குப் போய், விளக்க அட்டையின் அடியில், அடித்த இரண்டு வாக்கியங்களைக் கையால் எழுதினேன். அதற்கும் கீழே: 'இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே நீக்கினேன்.' என் பெயர், தேதி.

எழுத்து கோணலாகிவிட்டது. இருக்கட்டும்.

மத்தியானம் துறைத்தலைவர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. நான் உங்களை எதையும் அடிக்கச் சொல்லலையே."

"இல்லை சார். அப்படியேதான் எழுதிக் குடுத்திருக்கேன். யோசிக்கச் சொன்னீங்க, நான்தான் அடிச்சேன்னு."

அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

விசாரணை. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், யாரும் தொடாத பிஸ்கட் தட்டு. முதல்வர், நிர்வாக அதிகாரி ஒருவர், துறைத்தலைவர், சாவிக்கொத்து, நான்.

நான் முதலில் சொன்னேன். செப்டம்பர் எட்டாம் தேதி அக்கா என்னிடம் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன்.  சாவிக்கொத்து இடையில் புகுந்தார். "எழுதிக் குடுத்தாங்களாமா? எங்கே சார்? ஒரு துண்டுக் காகிதம் என் கைக்கு வரலை. டீச்சருக்கு அந்தம்மா மேல பாசம், அதான்."

அதிகாரி என்னைப் பார்த்தார். என்னிடம் காகிதம் இல்லை.

அடுத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். கண்காட்சிக்கு வந்த அதே உடை. இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தார். பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்து, நடுவில் பிரித்து, மேசை மேல் வைத்தார். மகளின் கணக்கு நோட்டு. ஒரு பக்கம் கணக்கு, அடுத்த பக்கம் மேற்பார்வையாளருக்குக் கடிதம், அதற்கடுத்த பக்கம் மறுபடி கணக்கு. நாலைந்து தாள் தள்ளி இரண்டாவது கடிதம். முன்னும் பின்னும் உள்ள கணக்குகளுக்குப் பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் தேதி போட்டிருக்கிறார். ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று.

"இதைப் பார்த்து நல்ல தாளில எழுதிக் குடுத்தா எம் பொண்ணு. அதை நான் இவரு கையிலதான் குடுத்தேன். மடிச்சுச் சட்டைப் பையில வெச்சார். நான் இப்ப வந்து எழுதிட்டேன்னு சொல்லுவாங்கன்னுதான் நோட்டாவே கொண்டாந்தேன்."

சாவிக்கொத்தின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் அசைந்தபோது சாவிகள் மட்டும் பேசின.

முதல்வர் கேட்டார்: "இந்த எண்ணெயை நீங்களே டீச்சருக்குக் கொடுத்திருக்கீங்களே, ஏன்?"

"கேட்டா, குடுத்தேன். படிச்ச பொண்ணு. காரணம் இல்லாமயா கேக்கும்னு நெனச்சேன்."

என் பக்கம் பார்க்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

நேர்காணல். ஏழு நிமிஷம். 'கூட்டாக வேலை செய்யும் பண்பு' பற்றி மூன்று கேள்வி.

அக்டோபர் 13, வெள்ளி

வேறொருவருக்குக் கிடைத்துவிட்டது. நல்ல ஓவியர்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பகுதிநேரம் வருஷ முடிவு வரை தொடரும் என்றார்கள். அதற்குப் பிறகு தெரியாது.

இவர் வரும் வழியில் இரண்டு ஆப்பிள் வாங்கிவந்தார். ஒன்றை நறுக்கினார், மற்றதையும் நறுக்கினார். தட்டு காலியானதும், "அழறதா இருந்தா அழு. நாளைக்கு லீவுதான்" என்றார். அப்போதுதான் சிரிப்பு வந்தது, பிறகு மற்றது.

அழுதது வேலைக்காகவா? பாதிதான். மீதிப் பாதி — இப்போ கணக்கு நேராச்சு, அவங்களுக்குப் போச்சு எனக்கும் போச்சுன்னு உள்ளே ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, அந்த அற்பத்தனத்துக்காக. நேராகவா ஆகிடும்?

அக்டோபர் 16, திங்கள்

சமையலறை திறந்துவிட்டது. அக்கா வந்துவிட்டார். நாலு நாளுக்கு ஒரு டின் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பண்டக அறைச் சாவி இனி சமையலறையில் இருக்கும். சாவிக்கொத்தை நாற்காலி மேசைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் சாவி உண்டு. மாணவர்கள் அக்காவைப் பார்த்துக் கைதட்டினார்களாம். அன்று மனசாட்சி பற்றிக் கேட்டவனும் தட்டியிருப்பான்.

எனக்குப் பின்வாசல் வழியாகப் போக மனம் வரவில்லை. முன்பக்கம் வரிசையில் நின்றேன். முன்னால் பதினோரு பேர். நடுவில் ஒரு தடவை திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. என் முறை வந்தது. யாரும் கேட்கும்படி பக்கத்தில் இல்லை, நான்தான் கடைசி.

கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வெறுப்பு இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"என்ன வேணும் டீச்சர்? சொல்லுங்க."

சொல்லுங்க.

பதினாலு வருஷம். திட்டும்போதுகூட 'ங்க' போட்டதில்லை. மரியாதையால் ஒருவரை இப்படிக் கதவுக்கு வெளியே நிற்க வைக்க முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

"எது இருக்கோ அதைக் குடுங்க அக்கா" என்றேன். எல்லோருக்கும் வைக்கும் அளவு பீன்ஸ், எல்லோருக்கும் வைக்கும் முட்டை. குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை.

அக்டோபர் 20, வெள்ளி

இன்றும் 'ங்க'.

அக்டோபர் 24, செவ்வாய்

உணவகக் குழு ஒன்று அமைக்கிறார்கள். இரண்டு மாணவர்கள், அக்கா, ஒரு ஆசிரியர். வாரம் ஒரு தடவை கூட வேண்டும், குறிப்பெழுத வேண்டும், என்ன காய் வந்தது வரவில்லை என்று பார்க்க வேண்டும். பதவி உயர்வுக்கு உதவாத வேலை என்பதால் ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன்.

உடனே ஒரு சந்தேகம்: இதுவும் நல்லவளாகத் தெரிவதற்கா? பாட்டில் வாங்கப் போன அதே கால்தானே? அக்காவுக்கு ஆட்சேபணை இருந்தால் நான் வேண்டாம் என்று முதல்வர் அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். அவரிடமே கேட்டிருக்கிறார்கள். "அவங்க எழுத்து நல்லா இருக்கும், இருக்கட்டும்" என்றாராம்.

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

நவம்பர் 8, புதன்

மூன்றாவது கூட்டம். அரை மணி நேரத்தில் முடிந்தது. கீரை பற்றித்தான் பேச்சு. மாணவர் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள், அக்கா இரண்டு வாக்கியம் பேசினார். எல்லாவற்றையும் துறைத்தலைவர் வழக்கமாகக் கேட்கும் நடையில் குறிப்பாக எழுதினேன். அலுவலகத்துக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது நான் வைத்த விதி.

அக்கா சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று படித்தேன்.

"'தரமான கீரை வகைகள் உரிய நேரத்தில் கிடைக்காதது குறித்துச் சமையல் பொறுப்பாளர் வருத்தம் தெரிவித்தார்.'"

"நான் வருத்தம் தெரிவிக்கலையே."

"கூட்டக் குறிப்புல வழக்கமா அப்படித்தான் அக்கா..."

"செவ்வாய்க்கிழமை கீரை வரலை. வியாழக்கிழமைக்குள்ள வரணும். இதைத்தான் சொன்னேன். சொன்னதை எழுதுங்க."

அடித்தேன். அவர் சொன்னபடி எழுதினேன்.

"படிங்க."

படித்தேன்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை லேசாக ஆட்டிக்கொண்டே கேட்டார். கையைத் துடைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை என்னிடமிருந்து வாங்கி, அவரே ஒரு தடவை, விரலை வைத்து, மெதுவாக, கடைசி வரி வரை படித்தார். நான் காத்திருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டார்.